மானியத்தில் முளைத்த குமரிச் சரக்கு: ஒரு கடைக்காரரின் மதிப்பீடு

தக்கலையில் மளிகைக் கடை நடத்தி வருகிறேன். அரசு மானியம் பெற்றுத் தொழில் தொடங்கிய குமரி மாவட்டத்து இளைஞர்களின் தயாரிப்புகளுக்கென்று கல்லாவுக்கு எதிரே ஓர் அடுக்கை ஒதுக்கி, பெரிய கம்பெனிச் சரக்குக்கு நிகராக வைத்து விற்றுப் பார்த்ததில் எனக்குத் தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன். மார்த்தாண்டம் பக்கத்துத் தேன், மட்டி என்ற வாழையின் காயை அரைத்த மட்டிக்காய்ப் பொடி, கருப்பட்டித் தூள் ஆகிய மூன்று பொருள்களே என் மதிப்பீட்டுக்கு உரியவை; அவற்றிலும் தேனைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மூவருமே ஒன்றிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு தொழில் நடத்துபவர்கள் என்பதால் பெயரையும் பிராண்டையும் தவிர்த்துவிட்டேன். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் மானியத் திட்டங்களையும் சேர்த்தே எடைபோட்டிருக்கிறேன். ஏனென்றால் ஒரு பாட்டில் எவ்வளவு நேர்த்தியாக வருகிறது, எந்த மாதத்தில் வராமல் போகிறது என்ற இரண்டுக்குமே அந்தத் திட்டங்களின் விதிகளில்தான் காரணம் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வேண்டிய நேரத்தில் கிடைப்பதில்லை. இயந்திரம் வாங்கத் தாராளமாகக் கை நீட்டும் மானியம், அந்த இயந்திரத்துக்குள் போடும் சரக்கை வாங்கும்போது கையை மடக்கிக்கொள்கிறது.

தேனை எடுத்துக்கொள்வோம். குமரி மேற்கில் அருமனை, குலசேகரம், மார்த்தாண்டம் வட்டாரங்களில் கிடைக்கும் பெட்டித் தேனில் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வருகிறது. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர் விடும் பருவத்தில், இலைக்காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். தேனீக்கள் பூவைத் தேடாமல் அந்தத் தளிரைத் தேடி வரும். தை பிற்பாதியில் தொடங்கிப் பங்குனி வரை அறுவடை நடக்கும். இங்கே பெட்டிகளில் வளர்வது இந்தியத் தேனீ. அது சேர்க்கும் தேனில் ஈரம் இயல்பாகவே கூடுதல். ஈரம் கூடிய தேன் புளிக்கும். முன்பெல்லாம் பழைய பிராந்தி பாட்டிலில் ஊற்றி, காகிதத் துண்டைச் சுருட்டி அடைத்துக் கொண்டுவந்து தரும் தேனைக் கடையில் வைத்தால், ஆனி, ஆடிச் சாரலில் கழுத்து வரை நுரை ஏறி, அடைப்பு தானாகவே மேலே எழும்பி நிற்கும். தேன் கலப்படமாக இராது. ஆனால் வாங்கிப் போனவர் அப்படி நம்பமாட்டார். பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து கல்லாவின் மேல் வைத்துவிடுவார்.

நான் விற்கும் இந்தத் தேனில் அந்தத் தொல்லை இல்லை. தயாரிப்பவர் பொறியியல் படித்த பெண். அப்பாவின் தேன்பெட்டிகளை அடித்தளமாக வைத்துத் தொழிலைத் தொடங்கியவர். சரக்குக் கொண்டுவரும்போது கைப்பையில் பேனா அளவுக்குச் சற்றே பெரிய, தேனின் ஈரத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றையும் எடுத்து வருவார். அதன் சாய்ந்த கண்ணாடியில் ஒரே ஒரு சொட்டுத் தேனை வைத்து, மூடியை அழுத்தி, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னையும் பார்க்கச் சொல்வார். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 19-ஐ ஒட்டி நிற்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த தரத்தின்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மிதமாகச் சூடேற்றி, வடிகட்டி, காற்றழுத்தத்தைக் குறைத்து ஈரத்தை இறக்கும் இயந்திரம் அவருக்கு வாய்த்தது மானியத்தோடு கூடிய வங்கிக் கடனால்தான். சூடு அளவுக்கு மீறினால் மணமும் போகும், ஆய்வகச் சோதனையிலும் மாட்டிக்கொள்ளும். இவருடைய தேனில் அந்தக் காய்ச்சிய வாடை இல்லை. நிறம் வெளிறிய பொன்னிறம், இனிப்பு தொண்டையைக் கரகரக்க வைக்காத மென்மை. ரப்பர்த் தேன் சீக்கிரம் உறைந்து அடியில் வெண்மையாகப் படியும் என்பதையும், வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் மறுபடியும் இளகிவிடும் என்பதையும் லேபிளிலேயே அச்சிட்டிருக்கிறார். இந்த ஒரு வரியால் எனக்குக் கல்லாவில் மிச்சமான வாக்குவாதம் கொஞ்சமல்ல.

விலை, பெரிய கம்பெனித் தேனைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு அதிகம். கொடுக்கலாம் என்பதே என் கருத்து. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, வெளியூரிலிருந்து வந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் ஊருக்கு வருகிறவர்கள் அதிகம் வருவது ஓணத்தையும் கிறிஸ்துமஸையும் ஒட்டி. அந்த நேரத்தில் என் அடுக்கில் தேன் இருக்காது.

ஏன் இல்லை என்பதுதான் விஷயம். ஆண்டு முழுதும் விற்க வேண்டிய தேனை, ஏறக்குறைய மூன்று மாதத்துக்குள் வாங்கிச் சேர்த்தாக வேண்டும். தேனீ வளர்ப்பவருக்கு உடனே காசு தேவை. மழைக்காலத்தில் மலர் இல்லாதபோது பெட்டிகளுக்குச் சர்க்கரைக் கரைசல் வைக்க வேண்டும், தோட்டத்துக்காரருக்கு இடத்துக்குரிய பணம் தர வேண்டும். கடனுக்கு அவர் தேன் தரமாட்டார், தரவும் முடியாது. கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 2 டன் தேனுக்கு 4 லட்சம் ரூபாய் மாசியிலும் பங்குனியிலும் கையில் இருந்தாக வேண்டும். அந்தப் பணம் பாட்டில் பாட்டிலாகத் திரும்பி வருவதற்கு அடுத்த தை ஆகிவிடும். "அண்ணாச்சி, மிஷின் சும்மா கிடக்கு, உள்ள ஊத்தத்தான் தேன் இல்ல" என்று ஆவணியில் அந்தப் பெண் சொன்னபோது, "அடுத்த சீசனுக்கு ரெண்டு டிரம் கூடப் பிடிச்சு வை மக்ளே" என்று சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. டிரம்முக்குப் பணம் யார் தருவது?

மானியத் திட்டங்களை இந்தக் கேள்வியோடு வைத்துப் பார்த்தால் அவற்றின் சாயல் தெளிவாகும். சிறு உணவுத் தயாரிப்பாளர்கள் பெரிதும் நாடுவது, 2020-இல் மத்திய அரசு தொடங்கிய, பி.எம்.எஃப்.எம்.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம். தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். குறைந்தது 10 சதவீதம் கைப்பணம். மற்றது வங்கிக் கடன். இது மூலதன மானியம் என்பதால் இயந்திரத்துக்கும் அதை நிறுத்தும் கட்டட வேலைக்குமே கணக்கிடப்படுகிறது. மானியத் தொகையும் தொழில் செய்பவரின் கைக்கு வருவதில்லை. கடன் கொடுத்த வங்கியிலேயே அவர் பெயரில் நின்று, கடைசித் தவணைக் கடன் கொடுத்து மூன்றாண்டுகள் ஆன பிறகும் கணக்கு ஒழுங்காகவும் தொழில் நடப்பிலும் இருந்தால் கடனில் கழிக்கப்படுகிறது. மானியத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போகிறவர்களைத் தடுக்க இது சரியான பூட்டு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "10 லட்சம் மானியம் கிடைத்திருக்கிறதாமே" என்று ஊரார் பேசும்போது, அந்தப் பெண்ணின் சேமிப்புக் கணக்கில் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட இல்லை என்பதைக் கடைக்காரர்களாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதே திட்டத்தில், சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் வேண்டிய பணமான நடைமுறை மூலதனத்தை நேராகத் தொடும் பகுதி ஒன்று உண்டு. உணவுப் பொருள் தயாரிக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு, உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வீதம், சரக்கு வாங்கவும் சிறு கருவிகள் வாங்கவும் ஆதாரத் தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது. இது குழுவுக்கு உரியது. தனியாகத் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு இந்த வாசல் இல்லை. அவர் முத்ரா கடனுக்கோ வேறு நடைமுறைக் கடனுக்கோ வங்கிக்குத் தனியாக நடக்க வேண்டும், ஏற்கெனவே இயந்திரக் கடன் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில்.

இந்தச் சிக்கல் புதிதல்ல என்பதைத் தேன் விஷயத்தில் சொல்லியே ஆக வேண்டும். திருவிதாங்கூர் காலத்தில், 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராம மறுசீரமைப்பு மையத்தின் வழியாக ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் பெட்டித் தேனீ வளர்ப்பைச் சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பெட்டி செய்யக் கற்றுத் தந்ததோடு அந்த முயற்சி நிற்கவில்லை. தேனை ஒரே இடத்தில் சேர்த்து, தரம் பார்த்து, விற்றுத் தரும் கூட்டுறவு ஏற்பாடும் அதன் பின்னேயே வளர்ந்தது. பருவத்தில் வாங்கி ஆண்டெல்லாம் விற்கும் சுமையைத் தனி ஆளின் தோளிலிருந்து இறக்கி வைத்தது அந்த ஏற்பாடுதான். 1990-களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைத் தாக்கிய வைரஸ் நோய் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி செய்தபோதும் இங்கே தொழில் அடியோடு அழியாமல் மறுபடியும் துளிர்த்ததற்கு, ஊரில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த இந்தப் பழக்கங்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்றைய மானியங்களோ ஒரு விண்ணப்பம், ஓர் ஆள், ஓர் இயந்திரம் என்ற கணக்கிலேயே பெரும்பாலும் நகர்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் மூன்று பேர் ஒரே மாதிரி இயந்திரத்தை வாங்கி, மூவருமே பாதி நாள் அதைத் துணி போட்டு மூடி வைத்திருப்பது இப்படித்தான் நேர்கிறது.

மட்டிக்காய்ப் பொடிக்கு வருவோம். மட்டிப்பழம் குமரிக்கே உரியது. அதற்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் நீளப் பழம், மெல்லிய தோல், நல்ல மணம். ஆனால் கனிந்த பிறகு நாள் தாங்காது. அதைப் பொடியாக்கி நாள் நீட்டும் யோசனை சரியானதே. விளைந்த காயைச் சீவி, உலர்ப்பானில் காயவைத்து அரைத்த பொடி இது. கஞ்சியாகக் காய்ச்சிப் பார்த்தேன். கட்டி தட்டவில்லை, துவர்ப்பு நாக்கில் ஒட்டவில்லை, பனங்கற்கண்டு சேர்த்தபோது பழத்தின் மணம் இலேசாக எட்டிப் பார்த்தது. பொருளில் குறை சொல்ல எனக்கு ஏதுமில்லை.

குறை முழுவதும் பையில் இருக்கிறது. பளபளக்கும் கெட்டியான ஜிப் பை, ஐந்து நிற அச்சு, முன்னால் வட்டமான ஜன்னல். கிழிப்பதற்காக ஓரத்தில் வெட்டிய கீறலில் இழுத்தால் பை குறுக்காகக் கிழிந்து ஜிப்பையும் தாண்டிப் போகிறது. நேராகக் கிழிந்தாலோ ஜிப்பின் பள்ளத்தில் பொடி புகுந்துகொண்டு, எத்தனை முறை அழுத்தினாலும் வாய் முழுதாக மூடுவதில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் வாங்கும் ஊரில் இப்படி வாய் திறந்த பை பத்து நாளில் கட்டிதட்டிவிடும். கால் கிலோவுக்குக் குறைந்த பையும் கிடையாது. புதிதாக ஒரு பொருளை முயன்று பார்க்க நினைக்கும் வாடிக்கையாளர் கால் கிலோவா வாங்குவார்? கண்காட்சிக்கும் மதிப்பீட்டுக் குழுவுக்கும் காட்டுவதற்கு ஏற்ற பை இது. மளிகைக் கடைக்கு ஏற்றதல்ல.

இன்னொன்றையும் பொடியைத் தயாரிக்கும் தம்பியிடம் சொன்னேன். பையின் முகப்பில் கைக்குழந்தை படம் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. குமரியில் குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழங்களில் மட்டிக்கு இடமுண்டு என்பது ஊரறிந்த உண்மை; ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரப்படுத்த 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. லேபிளுக்கும் தரத்துக்கும் தனி விதிகள் உண்டு. படம் போடாமலேயே விட்டார், நல்லதாயிற்று. இந்த மாதிரி வழிகாட்டல் கடைக்காரரிடமிருந்து வரக்கூடாது; மானியம் கொடுக்கும் இடத்திலிருந்தே வர வேண்டும். புதிய பொருளைச் சோதித்து மெருகேற்றுவதற்கென்று மாநில அரசின் தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் தரும் புத்தாக்க வவுச்சர் இருக்கிறது: முதல் நிலையில் 2 லட்சம், அடுத்த நிலையில் 5 லட்சம் ரூபாய் வரை. இந்தப் பொடியைப் போன்ற பொருளுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான், ஏனென்றால் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், எந்தப் பையில் இருக்கும் என்று ஒரு ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து பார்த்த பிறகு பை அச்சடிப்பது, அச்சடித்த பைகளை மூட்டையாகப் போட்டு வைத்திருப்பதைவிட மலிவு. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பேச்சிப்பாறையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேட்கும் இடத்துக்குப் பஞ்சமில்லை.

கருப்பட்டித் தூள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டிக் கருப்பட்டியை உடைக்கச் சோம்பல்படும் புதிய குடும்பங்களுக்கு இது வசதி. அக்கானி என்று நாங்கள் சொல்லும் பதநீரைக் காய்ச்சிய வாசம் மாறாமல் இருக்கிறது, காப்பியில் கரைந்த பிறகு அடியில் மண் தங்குவதில்லை. மூன்றில் இதுவே மிக எளிய பையில், 200 கிராம் அளவில் வருகிறது. இதுவே வேகமாகவும் விற்கிறது. பனையேறுபவர்கள் குறைந்துகொண்டே வருவதால் சரக்கு எப்போதும் இழுபறிதான், அதை எந்த மானியமும் ஒரே ஆண்டில் தீர்த்துவிடாது.

ஸ்டார்ட்அப் என்ற பெயருக்கே உரிய மானியத்தைப் பற்றியும் ஒரு சொல். மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு தரும் டான்சீட் ஆதார நிதி, தேர்ந்தெடுக்கப்படும் நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாயும், பெண்கள் நடத்துபவை, பசுமைத் தொழில்நுட்பம், ஊரக வாழ்வாதாரம் சார்ந்தவை போன்றவற்றுக்கு 15 லட்சம் ரூபாயும் தவணைகளாக வழங்கியிருக்கிறது. பதிலுக்கு நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்கிறது. வங்கிக் கடனோடு கட்டப்படாத பணம் என்பதால், நான் மேலே சொன்ன கொள்முதல் நெருக்கடிக்கு நெருங்கி வரக்கூடிய உதவி இதுவே. 3 சதவீதம் என்பதையும் நான் அதிகமாகக் கருதவில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. இதற்கு மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டும். தனி உரிமையாளராக, குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டின் பின்கட்டில் தொழில் நடத்துபவருக்கு அந்த அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட் ஆகவோ எல்.எல்.பி. எனப்படும் வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனமாகவோ மாறினால் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல், தணிக்கையாளர் கட்டணம் என்று செலவு தொடரும். என் அடுக்கில் உள்ள மூவரில் ஒருவர் மட்டுமே அந்த வழியில் போயிருக்கிறார். மற்ற இருவருக்கும் நாகர்கோவில் கோணம் பகுதியிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக வரும் திட்டங்களே பொருத்தம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு என்றாலும், அது 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டங்களுக்கானது. தேன் பாட்டிலில் தொடங்குபவர் முதல் நாளிலேயே அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

கடைக்காரர்களாகிய நம் பங்கையும் மறைக்க விரும்பவில்லை. குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. நடப்பு என்னவோ, பெரிய கம்பெனியின் வண்டிக்கு முன்கூட்டியே பணத்தைக் கட்டிவிட்டு, உள்ளூர்ப் பிள்ளையிடம் "வித்த பிறகு பார்க்கலாம்" என்பதுதான். மாதக் கணக்கில் அலைய விடும் கடைகளும் மாவட்டத்தில் உண்டு. அரசு தராத நடைமுறை மூலதனத்தை அந்தப் பிள்ளைகளிடமிருந்தே நாம் பறித்துக்கொண்டிருக்கிறோம். சிறு தயாரிப்பாளருக்குக் கடையில் சரக்கை இறக்கிய அன்றே பில் தொகையைத் தருவது என் வழக்கம்; மார்ஜினில் ஒரு சதவீதத்தை அதற்காக அவர்கள் விட்டுத் தருகிறார்கள், இரு பக்கமும் கணக்கு ஒத்துப்போகிறது.

வாங்குபவர்களுக்கு என் பரிந்துரை இது. தேனைத் தயங்காமல் வாங்கலாம்; ஆண்டுத் தேவையைச் சித்திரைக்குள் வாங்கிவிடுவது நல்லது, ஈரம் இறக்கிய தேன் என்பதால் வைத்திருந்தால் கெடாது. கருப்பட்டித் தூளையும் அப்படியே. மட்டிக்காய்ப் பொடியை வாங்கினால் வீட்டுக்குப் போனதும் மூடியிறுக்கமான டப்பாவில் கொட்டிவிடுங்கள், பையை நம்ப வேண்டாம். வரும் தையில், தேன் எடுப்பதற்கு முன்பாகவே, ஆவணிக்கும் மார்கழிக்கும் வேண்டிய பாட்டில்களுக்கு ஒரு பகுதி முன்பணம் கொடுப்பதாக அந்தப் பெண்ணிடம் பேசியிருக்கிறேன். தக்கலையில் இன்னும் இரண்டு கடைக்காரர்களும் சேர்கிறார்கள். பொடிக்காரரிடம் 100 கிராம் சாதாரணப் பாக்கெட் கேட்டிருக்கிறேன். அது வந்தால் அடுக்கில் மறுபடியும் இடம் கொடுப்பேன், இல்லையென்றால் இருப்பு தீரும் வரைதான்.